தடுப்பி மருந்தும் கிளர்வூட்டியும்: ஓர் ஆய்வு வரைபடத்தை எப்படி வாசிப்பது?

மருந்தியல் மாணவர்கள் முதன்முதலாக ஆய்வுக் கட்டுரைகளைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் ஒரே வகை வரைபடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் தூண் உப்புநீர் ஏற்றப்பட்ட எலிகள். இரண்டாவது ஆம்ஃபெட்டமைன் என்னும் கிளர்வூட்டி ஏற்றப்பட்டவை. மூன்றாவது, ஹாலோபெரிடால் என்னும் தடுப்பி மருந்தைக் கொடுத்த பிறகு ஆம்ஃபெட்டமைன் ஏற்றப்பட்டவை. தூணின் உயரம், எலி எவ்வளவு ஓடியது என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது தூண் உயர்ந்து நிற்கிறது, மூன்றாவது தாழ்ந்து கிடக்கிறது. "ஹாலோபெரிடால் ஆம்ஃபெட்டமைனின் விளைவைத் தடுத்தது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த வாக்கியம் சரியாக இருக்கலாம், முற்றிலும் தவறாகவும் இருக்கலாம். மூன்று தூண்கள் மட்டுமே உள்ள வரைபடத்தைக் கொண்டு அதைத் தீர்மானிக்க முடியாது. இப்படிப்பட்ட வரைபடத்திடம் என்னென்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் இரு மருந்துகளும் எங்கே வேலை செய்கின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்

நரம்பிணைப்பின் ஒரு பக்கத்தில் டோபமைன் என்னும் செய்திப்பொருளை வெளியிடும் நரம்பு முனை, மறுபக்கத்தில் அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள், வெளிவந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதம் ஆகிய மூன்றையும் வரைந்தால் போதும். கோகெய்ன் அந்தக் கடத்தியை அடைத்துவிடுகிறது. ஆகவே வழக்கம்போல் வெளிவந்த டோபமைன் உள்ளே திரும்ப வழியின்றி இணைப்பிடையில் தேங்குகிறது. மெத்தில்ஃபெனிடேட்டின் வழியும் ஏறத்தாழ இதுவே. ஆம்ஃபெட்டமைனோ கடத்தி வழியாகவே உள்ளே நுழைந்து, பைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் டோபமைனைக் கலைத்து, கடத்தியைத் திசைமாறி ஓடவைத்து வெளியே கொட்டுகிறது. இவற்றில் எதுவும் டோபமைன் ஏற்பியின்மீது நேரடியாக அமர்வதில்லை. இவை டோபமைனைப் பெருக்குகின்றன, ஏற்பியைத் தூண்டுவது அந்த டோபமைன்தான். மற்றொரு செய்திப்பொருளான நார்அட்ரினலினையும் இவை சேர்த்தே பெருக்குகின்றன. கோகெய்ன் செரட்டோனின் என்னும் செய்திப்பொருளையும் விட்டுவைப்பதில்லை.

தடுப்பி மருந்து மறுபக்கத்தில் அமர்கிறது. டோபமைன் ஏற்பிகளில் டி1, டி5 ஒரு குடும்பம்; டி2, டி3, டி4 மற்றொரு குடும்பம். ஹாலோபெரிடால், பிமோசைடு, ராக்லோபிரைடு ஆகியவை முதன்மையாக டி2 குடும்பத்தை அடைப்பவை. தடுப்பி ஏற்பியில் அமர்ந்தாலும் அதைத் தூண்டுவதில்லை. இருக்கையில் துண்டு போட்டுவிட்டுப் போனவரைப் போல இடத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. இந்த எண்ணம் உறுதிப்படுவதற்கு 1963 ஆம் ஆண்டு ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சனும் மார்கிட் லிண்ட்குவிஸ்டும் சுண்டெலிகளில் செய்த ஆய்வு அடித்தளமிட்டது. மனநோய் மருந்துகளான குளோர்புரோமசினும் ஹாலோபெரிடாலும் கொடுத்தபோது டோபமைனின் சிதைபொருள்கள் மூளையில் கூடியதை அவர்கள் கண்டார்கள். ஏற்பி அடைபட்டதை உணர்ந்த நரம்பு, ஈடுகட்டுவதற்காகக் கூடுதலாக வெளியிடுகிறது என்று அதற்கு விளக்கம் தந்தார்கள். தடுப்பியே டோபமைன் வெளியேற்றத்தைக் கூட்டக்கூடியது என்ற இந்தச் செய்தி, வரைபடத்தை வாசிக்கும்போது மீண்டும் மீண்டும் தேவைப்படும்.

காரணம், டி2 ஏற்பிகள் மறுபக்கத்தில் மட்டும் இல்லை. டோபமைனை வெளியிடும் நரம்பின்மீதே சில டி2 ஏற்பிகள் அமர்ந்து, "போதும், நிறுத்து" என்ற கட்டளையை அந்த நரம்புக்கு அனுப்புகின்றன. டி2 தடுப்பி அந்தக் கட்டளையையும் அடைத்துவிடும். ஆகவே கோகெய்னுடன் டி2 தடுப்பி சேரும்போது இணைப்பிடையில் டோபமைன் இன்னும் கூடுகிறது. அதைப் பெறும் ஏற்பிகளோ அடைபட்டுக் கிடக்கின்றன. இந்த இழுபறியில் எது வெல்லும் என்பதைத் தடுப்பியின் அளவுதான் பெரிதும் தீர்மானிக்கிறது. அமிசல்பிரைடு என்னும் டி2 தடுப்பி, குறைந்த அளவில் முதலில் வெளியிடும் நரம்பின்மீதுள்ள இந்த ஏற்பிகளையே பற்றுகிறது என்று கருதப்படுவதால், ஒரே மருந்து சிறிய அளவில் ஒரு விதமாகவும் பெரிய அளவில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதில் வியப்பில்லை.

அடுத்து, நான்காவது தூணைத் தேடுங்கள்

தடுப்பி மட்டும் கொடுக்கப்பட்ட எலிகள் என்ன செய்தன? இந்தத் தூண் இல்லாத வரைபடத்தை நான் பாதி வரைபடம் என்றே கருதுவேன். ஹாலோபெரிடாலை ஓரளவுக்கு மேல் கொடுத்தால் எலி விறைத்துப்போகும். அதன் முன்னங்கால்களைத் தூக்கி ஒரு கிடைக்கம்பியின்மேல் வைத்தால், இறக்கிக்கொள்ளாமல் அப்படியே நின்றிருக்கும். நகரவே முடியாத எலிக்கு ஆம்ஃபெட்டமைன் கொடுத்துவிட்டு, அது ஓடவில்லை ஆகவே கிளர்ச்சி அடங்கிவிட்டது என்பது, காலில் கட்டுப்போட்டவர் ஆடவில்லை ஆகவே அவருக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை என்பதற்குச் சமம். தடுப்பி தனியாக எலியின் இயல்பான நடமாட்டத்தைத் தொடாத அளவிலும் ஆம்ஃபெட்டமைன் தந்த ஓட்டத்தைக் குறைத்திருந்தால்தான் அந்த முடிவுக்கு எடை உண்டு.

பிறகு தூண்களை விட்டுவிட்டு வளைகோட்டைக் கேளுங்கள்

இந்தப் பகுதியில் சற்று நிதானிக்க வேண்டும். மருந்தின் அளவு கூடக்கூட விளைவு எப்படி மாறுகிறது என்று காட்டுவது வளைகோடு. கிளர்வூட்டியின் ஒரே ஓர் அளவை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு, அந்த வளைகோட்டின்மேல் ஒரு புள்ளியை மட்டுமே காட்டுகிறது. ஏற்பியின் அதே இடத்துக்குப் போட்டியிட்டு அடைக்கும் தடுப்பி ஒன்று வந்தால் அந்த வளைகோடு முழுவதும் வலப்பக்கம் நகரும். முன்பு கிடைத்த அதே விளைவைப் பெற இப்போது கூடுதல் மருந்து வேண்டும். மருந்தியலாளர்கள் காடமும் ஷில்டும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வகுத்த எளிய கணக்கு இது: ஏற்பிகளில் பாதி அடைபட்டால் அதே விளைவுக்கு இருமடங்கு வேண்டும், 80 சதவீதம் அடைபட்டால் ஐந்து மடங்கு, 90 சதவீதம் அடைபட்டால் பத்து மடங்கு. அடைப்பு 80 இலிருந்து 90 ஆக உயர்வது பார்வைக்குச் சிறிய மாற்றம், கணக்கிலோ தேவை இரட்டிப்பாகிறது.

ஆனால் இந்தக் கணக்கு ஏற்பியை நேரடியாகத் தூண்டும் பொருளுக்கு உரியது என்பதை மறக்கக்கூடாது. கிளர்வூட்டிகள் நரம்பின் கையிருப்பை நம்பியிருக்கின்றன. கோகெய்ன் எவ்வளவு கூடினாலும், நரம்பு வெளியிடும் டோபமைனைத்தான் அது தேக்கிவைக்க முடியும். அதனால் பெரிய அளவுகளில் வளைகோடு வலப்பக்கம் நகர்வதோடு நில்லாமல், உச்சமும் தாழ்ந்துவிடலாம். உச்சம் தாழ்ந்ததைப் பார்த்தவுடன் "இது போட்டியிடாத தடுப்பி" என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

இன்னொரு சிக்கல் வளைகோட்டின் வடிவத்தில் இருக்கிறது. ஆம்ஃபெட்டமைனைச் சிறிய அளவில் பெற்ற எலி கூண்டெங்கும் ஓடுகிறது. அளவு கூடக்கூட ஓட்டம் குறைந்து, ஒரே இடத்தில் நின்று ஓயாமல் முகர்வதும் நக்குவதும் கடிப்பதுமான ஒரே மாதிரியான அசைவுகளில் அது சிக்கிக்கொள்கிறது. ஒளிக்கற்றையைக் கடப்பதை எண்ணும் கருவிக்கு இந்த எலி ஏறத்தாழ அமைதியான எலி. ஆகவே ஓட்டத்தின் வளைகோடு குன்றுபோல் ஏறி இறங்குகிறது. குன்றின் ஏறுபக்கத்தில் தடுப்பியைச் சேர்த்தால் எண்ணிக்கை குறையும், இறங்குபக்கத்தில் சேர்த்தால் கூடும். இரண்டு இடத்திலும் தடுப்பி செய்தது ஒன்றேதான்: கிளர்வூட்டியின் வலிமையைக் குறைத்தது. ஆய்வாளர்கள் ஓட்டத்தை மட்டும் எண்ணினார்களா, எலியைக் கண்ணால் பார்த்தும் குறித்தார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுவது இதற்காகத்தான்.

கூடியது என்றால் வலுத்தது என்று பொருளா?

இக்கேள்விக்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1975 ஆம் ஆண்டு ராபர்ட் யோகலும் ராய் வைஸும் மாண்ட்ரியலில் இருந்து வெளியிட்ட ஆய்வை. நெம்புகோலை அழுத்தினால் இரத்தக்குழாய்க்குள் ஆம்ஃபெட்டமைன் ஏறும்படி எலிகள் பழக்கப்படுத்தப்பட்டன. இத்தகைய எலிகள் வெறிபிடித்ததுபோல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். உண்மையில் அவை கடிகாரம் வைத்ததுபோல் சீரான இடைவெளியில் அழுத்துகின்றன. ஒரு முறைக்கு ஏறும் அளவைக் கூட்டினால் இடைவெளி நீள்கிறது, குறைத்தால் சுருங்குகிறது. தண்ணீர்க் காபி கிடைக்கும் இடத்தில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு எழுந்துவரும் நம் பழக்கத்திலிருந்து இது அதிகம் விலகியதில்லை.

இந்த எலிகளுக்குச் சிறிய, நடுத்தர அளவுகளில் பிமோசைடு கொடுத்தபோது அவை நெம்புகோலை முன்னிலும் அதிகமாக அழுத்தின. மேலோட்டமாகப் பார்த்தால் டோபமைன் தடுப்பி ஆம்ஃபெட்டமைனின் ஆசையைத் தூண்டிவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஒரு முறைக்கு ஏறும் மருந்தின் அளவைக் குறைத்தபோது நடந்ததும் இதுவேதான். ஒவ்வோர் ஊசியின் பலனும் தேய்ந்துவிட்டதால் எலி அழுத்தத்தைக் கூட்டி ஈடுசெய்கிறது. பிமோசைடின் பெரிய அளவில் எலிகள் முதலில் வேகமாக அழுத்தி, பிறகு அடியோடு நிறுத்திவிட்டன. மருந்துக்குப் பதிலாக வெறும் உப்புநீரை ஏற்றும்போதும் எலிகள் இவ்வாறே முதலில் துடித்து, பிறகு கைவிடுகின்றன. கைகால் முடங்கியதால் நிறுத்தின என்ற விளக்கம் இங்கே நிற்காது, ஏனெனில் நிறுத்துவதற்குச் சற்று முன்புதான் அவை மற்ற எல்லா நேரத்தையும்விட விரைவாக அழுத்தின. நார்அட்ரினலின் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் கொடுத்தபோது அந்த முதல் ஏற்றம் கிடைக்கவில்லை. அவை அழுத்துவதைப் பொதுவாகக் குறைத்தன, அவ்வளவே. ஒரு தடுப்பியின் விளைவை மற்றொரு தடுப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் டோபமைனின் பங்கு தனியாகப் பிரிந்து தெரிந்தது.

இதிலிருந்து வாசகர் கைக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. எலி மருந்தைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஆய்வு எதைப் படித்தாலும், மொத்த எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன் அந்த எண்ணிக்கை நேரத்தோடு எப்படி ஓடியது என்ற பதிவைப் பாருங்கள். ஒரே மொத்தத்தைத் தரும் இரண்டு எலிகளில் ஒன்று சீராக அழுத்தியிருக்கலாம், மற்றது முதல் அரைமணியில் எல்லாவற்றையும் அழுத்தித் தீர்த்துவிட்டு மூலையில் படுத்திருக்கலாம்.

ஏற்பியைத் தவிர வேறு காரணங்களை ஒதுக்குங்கள்

இதில் மூன்று சோதனைகள் போதும், மூன்றையும் விரைவாகவே முடித்துவிடலாம். தடுப்பியும் கிளர்வூட்டியும் ஒரே நேரத்தில் மூளையில் இருந்தனவா என்பது முதலாவது. பிமோசைடு மெதுவாக வேலை செய்வதால் பல மணி நேரம் முன்பே கொடுக்கப்பட வேண்டும். டி1 தடுப்பியான எஸ்சிஎச் 23390 எலியின் உடலில் அரைமணி நேரத்துக்குள் பாதியாகிவிடும், ஆகவே மூன்று மணி நேர ஆய்வின் கடைசிப் பகுதிக்கு அதைப் பொறுப்பாக்க முடியாது. தடுப்பி வேறு எதையெல்லாம் தொடுகிறது என்பது இரண்டாவது: அதே எஸ்சிஎச் 23390 செரட்டோனினின் 2சி வகை ஏற்பியையும் பற்றக்கூடியது, ஹாலோபெரிடால் ஆல்ஃபா1 ஏற்பியையும் தொடும். மூன்றாவது, ஒரு மருந்து மற்றதன் சிதைவை மாற்றியதா என்பது. எலிகளில் குளோர்புரோமசின் ஆம்ஃபெட்டமைன் சிதைவதை மெதுவாக்குகிறது; மூளையில் ஆம்ஃபெட்டமைன் கூடிக்கொண்டிருக்கும்போதே அதன் விளைவு அடங்குவதாக ஆய்வு காட்டினால் தடுப்பின் வலிமை இன்னும் பெரிது என்று பொருள், விளைவு நீடிப்பதாகக் காட்டினால் காரணம் மருந்தைச் சிதைக்கும் ஈரலில் இருக்கலாம். இரத்தத்திலோ மூளையிலோ மருந்தின் அளவு அளக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு வரி தேடினால் இது தெளிவாகிவிடும்.

விளைவு குறைந்தது என்பதால் கிளர்வூட்டி அந்த ஏற்பியில்தான் வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. பிராசோசின் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மருந்து. நார்அட்ரினலினின் ஆல்ஃபா1 ஏற்பியை அடைப்பது. டோபமைன் ஏற்பிகளோடு அதற்குக் குறிப்பிடத்தக்க உறவு இல்லை. இருந்தும் ஆம்ஃபெட்டமைன் தரும் ஓட்டத்தை அது குறைக்கிறது. 1990களில் பாரிஸில் ழான்-போல் டஸ்ஸான் குழுவினர் பிராசோசினை எலியின் முன்மூளைப் புறணியில் மட்டும் செலுத்தியும் இந்தக் குறைவைக் கண்டார்கள். ஓட்டத்தோடு நெருங்கிய தொடர்புடைய டோபமைன் வெளியேற்றம் அதைவிட ஆழத்தில், அக்கும்பென்ஸ் கருவில் நடக்கிறது. புறணியின் நார்அட்ரினலின், ஆழத்தின் டோபமைனுக்கு வழிவிடும் மதகுபோல் இருக்கிறது. மதகை அடைத்தால் வயலில் நீர் குறையும்; அதனால் மதகே வயலாகிவிடாது.

இதே தர்க்கத்தின் வேறொரு வடிவம் பழக்கத்தோடு தொடர்புடையது. கோகெய்னையோ ஆம்ஃபெட்டமைனையோ நாள்தோறும் ஊசியாகப் பெறும் எலி, அதே அளவு மருந்துக்கே ஒவ்வொரு நாளும் கூடுதலாக ஓடத் தொடங்கும். குளூட்டமேட் என்னும் வேறொரு செய்திப்பொருளின் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் எம்கே-801 ஐ ஒவ்வோர் ஊசிக்கும் முன்பு கொடுத்தால் இந்தப் படிப்படியான ஏற்றம் உருவாவதில்லை என்று 1989 முதல் பல ஆய்வுகள் காட்டின. கிளர்வூட்டியின் அன்றைய விளைவை அடைப்பதும், அது விட்டுச்செல்லும் தடத்தை அடைப்பதும் வெவ்வேறு. எனவே தடுப்பி பழக்கும் நாட்களில் கொடுக்கப்பட்டதா, சோதிக்கும் நாளில் கொடுக்கப்பட்டதா என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். எம்கே-801 தானே எலியை ஓடவைக்கும் என்பதால் இங்கும் நான்காவது தூண் வேண்டும்.

காபியில் ஒரு திருப்பம்

இதுவரை கிளர்வூட்டி ஒரு பக்கம், தடுப்பி மறுபக்கம் என்று பேசினோம். நாம் காலையில் குடிக்கும் காஃபீன் இந்தப் பிரிவினைக்குள் அடங்குவதில்லை, ஏனெனில் அதுவே ஒரு தடுப்பி. அது அடினோசினின் ஏ1, ஏ2ஏ ஏற்பிகளை அடைக்கிறது. அடினோசின் நரம்புகளை ஆற்றுப்படுத்தும் பொருள். அந்த ஆற்றுப்படுத்தலை விலக்குவதால் விழிப்பு வருகிறது. ஏ2ஏ ஏற்பி இல்லாமல் பிறக்கவைக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் காஃபீன் கொடுத்தபோது அவற்றின் நடமாட்டம் கூடுவதற்குப் பதில் குறைந்தது என்று 1997 இல் வெளியான ஆய்வு காட்டியது. காஃபீன் தரும் விழிப்புக்கும் ஏ1 தேவையில்லை, ஏ2ஏ தான் தேவை என்று 2005 இல் மற்றோர் ஆய்வு காட்டியது. மூளையின் ஸ்ட்ரையாட்டம் பகுதியில் ஏ2ஏ ஏற்பியும் டி2 ஏற்பியும் ஒரே நரம்பணுவில் அடுத்தடுத்து அமர்ந்து எதிரெதிராக இழுக்கின்றன. ஏ2ஏ அடைபட்டால் டி2 இன் கை ஓங்குகிறது. ஆகையால்தான், டோபமைனைக் கோகெய்ன்போல் பெருக்காத காஃபீன் தரும் ஓட்டத்தையும் டோபமைன் தடுப்பிகள் எலிகளில் அடக்கிவிடுகின்றன. ஏ2ஏ தடுப்பியான இஸ்ட்ராடெஃபிலின் 2013 இல் ஜப்பானிலும் 2019 இல் அமெரிக்காவிலும் பார்க்கின்சன் நோய்க்கு ஒப்புதல் பெற்றதும் இந்த இழுபறியை நம்பித்தான்.

மனிதரிடம் செய்யப்பட்ட ஆய்வாக இருந்தால்

முதலில் எந்த உறுப்பு அளக்கப்பட்டது என்று பாருங்கள், ஏனெனில் கிளர்வூட்டி மூளையோடு நிற்பதில்லை. 1990 இல் அமெரிக்காவின் டல்லாஸில், இதயக்குழாய்ப் பரிசோதனைக்கு வந்த 30 தன்னார்வலர்களிடம், மூக்கு வழியாகக் கோகெய்ன் கொடுத்தபின் புரோப்ரனலால் செலுத்தினால் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். புரோப்ரனலால் நார்அட்ரினலினின் பீட்டா ஏற்பியை அடைப்பது. படபடப்பைக் குறைக்க நாள்தோறும் பயன்படுவது. கோகெய்ன் தரும் படபடப்புக்கும் அதுவே மருந்து என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இதயத் தமனிகளில் இரத்த ஓட்டம் மேலும் குறைந்தது. குழாயை விரிக்கும் பீட்டா ஏற்பி அடைபட்டதும், குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா ஏற்பியை எதிர்க்க ஆள் இல்லாமல் போனது என்பதே வழக்கமான விளக்கம். ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் ஃபென்டோலமைன் அந்தச் சுருக்கத்தை நீக்கியிருந்தது. அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் இந்த எச்சரிக்கையை எவ்வளவு தூரம் கடைப்பிடிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். ஏற்பியின் பெயரை மட்டும் அறிந்த ஒருவர் தானாக இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் சரிக்கட்ட நினைப்பது ஏன் ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூளையின் விளைவுகளுக்கு வந்தால், எலிகளிடம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த படம் மனிதரிடம் கலங்கிவிடுகிறது. 1970களின் தொடக்கத்தில் ஸ்வீடனில், ஆம்ஃபெட்டமைனுக்கு அடிமையானவர்களிடம் ஊசிமூலம் அதைச் செலுத்திச் செய்த ஆய்வுகளில், பிமோசைடு பரவசத்தைக் குறைத்தது. 1997 இல் சிகாகோவில் பிரவரும் டி விட்டும் அடிமைத்தனம் இல்லாத ஆரோக்கியமானவர்களிடம் பிமோசைடை உயர்ந்த அளவிலேயே கொடுத்துப் பார்த்தபோது, ஆம்ஃபெட்டமைன் மாத்திரை தந்த பரவசம் அடைபடவில்லை. இரண்டையும் ஒன்றோடொன்று முரண்படுவதாக வாசிக்க அவசரப்பட வேண்டாம். ஊசியும் மாத்திரையும் ஒன்றல்ல. பல ஆண்டுகள் பயன்படுத்தியவரின் மூளையும் முதல்முறை பயன்படுத்துபவரின் மூளையும் ஒன்றல்ல. எலி நெம்புகோலை அழுத்துவதும், மனிதர் "நன்றாக இருக்கிறது" என்று வினாத்தாளில் குறிப்பதும் ஒரே பொருளை அளக்கின்றனவா என்பதே தீராத கேள்வி.

இந்த இடத்தில் உதவுவது பாசிட்ரான் உமிழ்வுப் படப்பிடிப்பு. கதிரியக்கக் குறியிட்ட ராக்லோபிரைடைச் செலுத்தி, டி2 ஏற்பிகளில் எத்தனை சதவீதத்தைத் தடுப்பி பிடித்திருக்கிறது என்று உயிருள்ள மனிதரிடமே அளக்கலாம். 2000 ஆம் ஆண்டு டொரண்டோவில் ஷிதிஜ் கபூரும் உடன்பணியாற்றியவர்களும் ஹாலோபெரிடாலை இப்படி அளந்தபோது, மனநோயின் அறிகுறிகள் தணிவதற்கு ஏறத்தாழ 65 சதவீத அடைப்பும், புரோலாக்டின் என்னும் ஹார்மோன் ஏறுவதற்கு 72 சதவீதமும், உடல் விறைப்பு போன்ற பக்கவிளைவுகளுக்கு 78 சதவீதமும் எல்லைகளாக வந்தன. பயனுக்கும் தொல்லைக்கும் இடையில் உள்ள இந்தக் குறுகிய சந்துக்குள் நின்றுதான் மனிதரிடம் கிளர்வூட்டியை அடைத்துப் பார்க்க முடிகிறது. முன்பு பார்த்த கணக்கின்படி 65 சதவீத அடைப்பு, தேவையான அளவை மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் உயர்த்தும். போட்டி எதிர்த்திசையிலும் நடக்கிறது: ஆம்ஃபெட்டமைன் வெளிக்கொட்டும் டோபமைன், ஏற்பியில் அமர்ந்திருக்கும் ராக்லோபிரைடில் ஒரு பகுதியைத் தள்ளிவிடுவதைப் படத்தில் பார்க்கலாம். ஆகவே மனித ஆய்வு ஒன்றில் பிமோசைடோ ஹாலோபெரிடாலோ "பயன் தரவில்லை" என்ற வரியைக் கண்டால், அந்தத் தாளின் ஓரத்தில் இரண்டு கேள்விகளைப் பென்சிலால் எழுதிவையுங்கள்: கிளர்வூட்டி கொடுக்கப்பட்ட அந்த நேரத்தில் அடைப்பு எத்தனை சதவீதம்? அதை யாராவது அளந்தார்களா, மாத்திரையின் மில்லிகிராமை வைத்து ஊகித்துக்கொண்டார்களா?